லோகா அக்கா கடையில் அழிந்துபோன கேம்

லோகா அக்கா போய்விட்டார்.

இன்று விடிகாலையில், தூக்கத்திலேயே... அவர் மகள் போன் செய்தபோது பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றுதான் இதை டைப் செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்கூல் படித்தபோது எங்கள் தெருவில் இருந்த ஒரே வீடியோ கேம் கடை அக்காவுடையது. பின்னறையில் அவர் வீட்டுக்காரரின் கைத்தறி. முன்னறையில் இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி. நடுவில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே எங்களை அதட்டும் அக்கா.

கரண்ட் போனால் எங்கள் ரேஸ் கார் பாதி ரோட்டில் நின்றுவிடும். உள்ளே தறிச் சத்தம் மட்டும் நிற்காது. "பாத்தீங்களா, எங்க வூட்டுக்காரரு மெஷினு மட்டும் ஓடிக்கினே இருக்குது" என்று அக்காவுக்கு அப்படி ஒரு பெருமை!

இரண்டு பெட்டிகளில் ஒன்று எப்போதும் நோயாளி. தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் பட்டுப்புடவை அட்டைப்பெட்டி வைத்தால்தான் டிஸ்க் சுற்றும். "குப்புறப் படுத்தாதான் அதுக்கு மூச்சு வருதுபா" என்பார்.

டேபிள் ஃபேனும் பெட்டிக்குத்தான், எங்களுக்கு இல்லை. கேட்டால், "உங்களுக்கு வேர்த்தா தொடச்சிக்குவீங்க, அது எத்தக் கொண்டு தொடச்சிக்கும்?"

அந்தக் கடைக்குப் போன ஒரே பெண் நான்தான். அக்கா இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அப்பா விட்டார். அதுவும் அரை மனசோடு.

ஆட்டம் எதுவரை வந்தது என்று சேமித்து வைக்கும் எங்கள் மெமரி கார்டுகள் எல்லாம் அக்காவின் பிஸ்கட் டப்பாவில் இருக்கும். எது யாருடையது என்று தெரிய, தறியில் மிஞ்சிய பட்டு நூலை ஒவ்வொன்றிலும் கட்டியிருப்பார். என்னுடையது கருஞ்சிவப்பான அரக்கு. எதிர்வீட்டு வரதுவுடையது மிளகாய்ப்பழச் சிவப்பு.

வரது ஃபுட்பால் கேம் பைத்தியம். ஒரே டீமை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக ஆடினான். ஃபைனலுக்கு வந்துவிட்டான்.

ஃபைனலுக்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போய், லோ வோல்டேஜில் திரும்பி வந்தது. டியூப்லைட் எரியவில்லை. ஸ்டெபிலைசர் புண்ணியத்தில் டிவி மட்டும் ஓடியது.

அந்த அரை இருட்டில் டப்பாவில் கை விட்டு ஒரு கார்டை எடுத்துச் சொருகினேன். என் ரேஸை சேவ் செய்யப் போனால் இடம் இல்லை, பழையதை அழிக்கவா என்று கேட்டது. யெஸ் கொடுத்தேன். கார்டை வெளியே எடுத்தபோதுதான் நூலை ஒழுங்காகப் பார்த்தேன்.

அரக்கு இல்லை. சிவப்பு.

தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான்... எனக்கா இந்த இரண்டு கலருக்கும் வித்தியாசம் தெரியாது! "அக்கா, வரது கார்டை அழிச்சிட்டேன்" என்று நூலோடு நீட்டினேன்.

அக்கா ராட்டையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வாசலில் வரதுவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"வரது... கரண்ட் போன அவசரத்துல நான் கார்டைப் புடுங்கிட்டேன்பா. உன் கேமு அழிஞ்சிடுச்சி" என்றார்.

அவன் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. "மூணு மாசம்க்கா! உங்கள நம்பிக் குடுத்தேன் பாருங்க, என் புத்தியத்தான் சொல்லணும்!" கார்டை வீசிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவே இல்லை.

ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க என்று அழுதேன். "உன் பேரு அடிபட்டா உங்கப்பா நாளையிலேர்ந்து உன்ன இங்க வுடுவாரா? என்னை என்ன பண்ணிடுவாங்க, கடையே என்னுது. மூக்கத் துடை."

மறுநாள் தெருமுனையில் வரது என்னிடம் சொன்னான். "டீம்ல எல்லாருக்கும் நம்ம தெரு ஆளுங்க பேருதான் வெச்சிருந்தேன் கவி. லோகா அக்கா கோல்கீப்பரு. நீதான் செண்டர் ஃபார்வர்டு. எல்லாரையும் அழிச்சிட்டாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்... அப்புறம் வெட்கம். அப்புறம் ரொம்ப நாள் ஆகிவிட்டது என்ற சாக்கு.

என் கல்யாணத்தில் அக்கா மேடைக்கு இந்தப் பக்கம் ஏற, வரது அந்தப் பக்கம் இறங்கிப் போனான். அக்கா மொய்க் கவரை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்த மேடையிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

போன மாதம் பார்க்கப் போனேன். உடம்பு பாதியாகியிருந்தது. வழக்கம்போல முதல் கேள்வி, "வரது எப்படி இருக்குறான்? இன்னும் கோவமா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீயே சொல்லிடுவேன்னு இத்தினி வருஷமா பாத்துக்கினு இருக்குறேன்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

பொங்கலுக்கு அவன் செங்கல்பட்டிலிருந்து வரும்போது கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன்... 

வரது, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். என் போஸ்ட் எல்லாவற்றுக்கும் முதல் லைக் உன்னுடையதுதான்.

அது நான்டா. அக்கா இல்ல. உன் கார்ட மாத்திப் போட்டு அழிச்சது நான்.

தனியா மெசேஜ் போட்டிருக்கலாம். ஆனா நீ அன்னிக்கு அக்காவத் திட்டினது தெருவுக்கே கேட்டுச்சி. அதான் நானும் எல்லார் முன்னாலயும் சொல்றேன்.

நாலு மணிக்கு எடுக்கிறாங்க. செங்கல்பட்டுல பஸ் ஏறினா ஒரு மணி நேரம். வந்துடுடா. நான் வாசல்லயே நிக்கிறேன், என்ன வேணாலும் திட்டு.

போயிட்டு வாங்க அக்கா...

சொல்லிட்டேன்.