சிறுநீரகத்தோடு போனது

சட்டைக் கம்பெனியில் காலருக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஒரு தழும்பு. தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க அறுத்த இடம். மேசை விளிம்பு அங்கே இடித்தால்கூட அவளுக்குத் தெரியாது. மரத்துப்போயிருந்தது.

தம்பி பஸ் ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத்தான் தேறினான். சில மாதம் கழித்துக் காய்ச்சல் அடித்தது, வயிற்றால் போனது. மறுபடி ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னார். ஒரு வைரஸாம், பெயர் அவள் வாயில் நுழையவில்லை. சின்ன வயதில் அவளுக்கு வந்து, சாதாரணக் காய்ச்சல்போல விட்டிருக்கும். ஆனால் அது போகாது, உறுப்புகளுக்குள் பதுங்கிக் கிடக்கும். நிறையப் பேருக்குள் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எழவிடாது. தம்பிக்கோ அது வந்ததே இல்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்க அவன் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைத்திருந்தன. வைரஸைத் தடுக்கத் தந்த மருந்து முடிந்ததும், அவளுடைய சிறுநீரகத்தில் கிடந்தது விழித்துக்கொண்டது. இப்போது மருந்து ஏறுகிறது. சிறுநீரகம் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்.

அவள் காதில் தங்கியது ஒன்றுதான்: என்னிடமிருந்து போனது.

அதன்பின் அவள் வார்டுப் பக்கம் போகவில்லை. தன் மூச்சுப் பட்டால் அவனுக்கு இன்னும் ஏறும் என்று நினைத்தாள். வீட்டிலும் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. காலர்கள் வந்தன, இஸ்திரி போட்டாள்.

கொடுத்ததற்கு வருத்தப்படுகிறாள்போல என்று தம்பி தன் மனைவியிடம் சொன்னானாம். தம்பி மனைவி கம்பெனி வாசலுக்கே வந்து அதைச் சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் தம்பியின் வார்டுக்குப் போனாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"ஏன்க்கா, டிக்கெட் எடுக்காத ஆளு மாதிரி படியிலேயே நிக்கிற?"

"என் மூச்சு பட்டா உனக்கு..."

"அடப் பைத்தியம். கிட்னியே உள்ள வந்து உக்காந்திருக்கு, இனிமே மூச்சுல என்ன புதுசா வந்துடப் போகுது? அதுக்கா வரல? நான் என்னென்னவோ நெனச்சிட்டேன்."

டாக்டரம்மாவும் அப்படித்தான் சொன்னாராம். காய்ச்சல் விட்டிருந்தது. சிறுநீரும் தடையில்லாமல் இறங்குகிறது, சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளும் என்றானாம் காலையில் வந்த டாக்டர் பையன்.

"அந்தச் சனியன் இனிமே போயிடுமாடா?"

"போகாதாம். உனக்குள்ள தூங்குற மாதிரி எனக்குள்ளயும் தூங்குமாம்."

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கசங்கிக் கிடந்த அவன் சட்டையை மடியில் போட்டு, காலரை விரலால் நீவத் தொடங்கினாள்.