முதுகு காட்டி நின்றவர்கள்

மாமனார். வீட்டுக்காரர். கொழுந்தன். கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்த என் ஓரகத்தி. நான். கான்சாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் நின்றது இந்த ஐந்து பேர்தான். எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, ஐப்பசி மாதம்.

ஓடை தாண்டித்தான் எங்கள் குலசாமி. பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியிருந்தோம். ராஜபாளையத்தில் ஆண்கள் மூன்று பேருக்கும் பஞ்சு மில்லில் வேலை. கொழுந்தனுக்கு அன்றைக்கு ராத்திரி ஷிப்ட். சாயங்கால பஸ்ஸை விட்டால் போய்ச் சேர முடியாது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் மேற்கே கை காட்டினார். மலை கறுத்துக் கிடந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில்.

“மலையில ஊத்துது. செத்த நேரம் இருந்து, தண்ணி வந்து வடிஞ்ச பொறவு போங்க. பொம்பளையாளுகள வேற கூட்டிட்டு வந்திருக்கிய.”

மாமனார் சிரித்தார். “ஆம்பளை மூணு பேர் இருக்கோம்ல. கெண்டைக்கால் தண்ணிக்குப் பயந்தா வெளிய தல காட்ட முடியுமா?”

எங்கள் வீட்டு ஆண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் பாதிப் பேர் சம்பள நாளில் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பார்கள். எங்கள் வீட்டில் அது கிடையாது. கெட்ட வார்த்தை கிடையாது. மாமனார் வாசலில் நின்று கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நாங்கள் முந்தானையைச் சரிசெய்யட்டும் என்று செருப்பை மெதுவாகக் கழற்றுவார். குழாயடியில் பெண்கள் நின்றால் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு போவார். மகன்களையும் அப்படித்தான் வளர்த்திருந்தார். “நீ குடுத்து வச்சவ” என்பார்கள் என்னை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஓடையைக் கடக்கவும் ஒரு முறை உண்டு. பெண்கள் சேலையைத் தூக்கித்தான் இறங்க முடியும். அதனால் ஆண்கள் சுமையை எடுத்துக்கொண்டு முதலில் போய்விடுவார்கள். அக்கரை ஏறி முதுகைக் காட்டி நிற்பார்கள். நாங்கள் ஏறி, சேலையை இறக்கிவிட்டுக் குரல் கொடுத்த பிறகுதான் திரும்புவார்கள்.

மாமனார் பொங்கல் பானையைத் தலையில் வைத்து இறங்கினார். பின்னால் மகன்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். ஏறினார்கள். நின்றார்கள். மூன்று முதுகு.

நாங்கள் இறங்கினோம். ஓரகத்தி கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். நனையக் கூடாதென்று மொத்தத்தையும் சுருட்டி ஒரு கையில் பிடித்திருந்தாள்.

“எக்கா, அவிய திரும்பிட்டா?”

“திரும்ப மாட்டாக. இந்த வீட்டு ஆம்பளைகளுக்குக் கழுத்தே கெடையாது. நட ஏட்டி.”

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு இருக்குக்கா. நான் பாத்திருக்கேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள்.

நடு ஓடையில் தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண்ணாக வந்தது. சுள்ளியும் சருகும் காலில் மோதின. பிறகு லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தேன். முதுகுகள் அப்படியே நின்றன.

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்தேன். சேலையை விடு என்றேன். விடவில்லை. ஒரு கை என்னிடம், ஒரு கை சேலையில். ஐயோ என்று கத்தினாள்.

கொழுந்தனின் தோள் அசைந்தது. பார்த்தேன். மாமனார் அவன் கையைப் பிடித்தார். என்ன சொன்னார் என்று வீட்டுக்காரர் பின்னால் சொன்னார்.

“ஏலே, திரும்பாத. சேலை எப்படிக் கெடக்கோ என்னமோ. குரல் குடுப்பாக.”

ஏங்க என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அது போய்ச் சேரவில்லை. திரும்பவும் ஏங்க என்றேன். பிறகு வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. அதற்குத்தான் திரும்பினார்.

அதற்குள் என் கையில் அவள் கை இல்லை. ஒரு கருவேலந் தூரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் குதித்தான். அவனையும் என்னையும் கரைக்கு இழுத்துப் போடவே வீட்டுக்காரருக்கு மூச்சு சரியாக இருந்தது. மாமனார் தலையில் பானையோடு நின்றார். இறக்கி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளில் அங்கே பாலம் கட்டினார்கள். கொழுந்தன் திருப்பூருக்குப் போனவன், நல்லது கெட்டதுக்கும் வரவில்லை. மாமனார் கடைசிவரை கனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். வீட்டுக்காரர் இப்போதும் எனக்கு முன்னால்தான் நடக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போனோம். அந்தக் கூட்டத்திலும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனார். எரிச்சலாக வரும்.

அவள் கிடைத்தது மறுநாள் காலையில். சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு கண்மாயில், முள்ளில் மாட்டியிருந்தாள். தகவல் வந்து நாங்கள் போய்ச் சேரும் முன்பே கூட்டம். கரையில் கிடத்தியிருந்தார்கள். பட்டுச்சேலை உடம்பில் இல்லை. தண்ணீர் உருவிக்கொண்டு போய்விட்டது.

சுற்றி நின்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் தண்ணீரில் இறங்கித் தேடியவர்கள். ஒருவரும் திரும்பி நிற்கவில்லை. நான் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை உருவி அவள் மேல் போட்டேன். பத்தவில்லை. குனிந்தவள் நிமிர்ந்து, சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினேன்.

முப்பத்தேழு ஆண்கள்.