கழுத்தில் மணி கட்டிய மான்

ஐவி ரீச்சர் ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்கூடத்தார் பெரிய மனது பண்ணி அவளுக்கு ஒரு படம் பரிசளித்தார்கள். கண்ணாடி போட்டு, தங்க நிறச் சட்டம் வைத்த படம். அதில் ஒரு மான் நின்றது. மானின் கழுத்தில் ஒரு மணி தொங்கியது. "எங்கட ரீச்சரின்ர மான்" என்று அதிபர் மேடையில் சொல்ல, மண்டபம் முழுவதும் கை தட்டியது. ஐவி ரீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அதை அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டுத்தான் சேலையே மாற்றினாள். அது எண்பதாம் ஆண்டு. அந்த மணியோடு அவள் பதினைந்து வருடங்களாக மல்லுக்கட்டி வந்தது கை தட்டிய ஒருவருக்கும் தெரியாது.

அவள் திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் வீட்டு வாசலில் நின்றால் துறைமுகத்துக்கு வருகிற வெள்ளைக்காரன் கப்பல்களின் புகை தெரியும். பள்ளிக்கூடத்திலோ பனிக்கட்டியும், புகைபோக்கி வைத்த வீடும், கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகளும் நிறைந்த இங்கிலிஷ் புத்தகங்கள். சரி, அது வெள்ளைக்காரனின் புத்தகம், அவன் தன் ஊரைத்தானே எழுதுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சுதந்திரம் வந்தது. அவளும் படித்து ரீச்சராகிக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள். இப்போது புத்தகங்கள் தமிழில் இருந்தன. ஆனால் அவற்றில் எங்கோ தெரியாத ஊருக்கு ரயில் ஓடியது, மாந்தோப்பு இருந்தது, ராசா வேட்டைக்குப் போனார். கொழும்பிலிருந்து வந்த ஒரு புத்தகத்தில் சூரியன் கடலுக்குள் இறங்கி மறைந்தது. அவளுடைய பிள்ளைகள் விடியக் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் குந்தியிருந்து, "சூரியன் கடலில் மறைகிறது" என்று ஒரே குரலில் பாடமாக்கினார்கள்.

ஐவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானே ஒரு புத்தகம் எழுதுவதென்று முடிவு செய்தாள். இந்த ஊர்ப் பிள்ளை திறந்து பார்த்தால் இந்த ஊர் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கதைக்கு அவள் அலைய வேண்டியிருக்கவில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற புள்ளிமான்கள் பின்னேரங்களில் வெளியே வந்து ஊர் சுற்றுவதும், வாழைப்பழத் தோலுக்குச் சண்டை பிடிப்பதும், பள்ளிக்கூட யன்னலுக்குள் தலையை விடுவதும் அவள் தினமும் பார்க்கிற காட்சி. அவளுடைய கதையில் அப்படி ஒரு மான் கோட்டை வாசலால் வந்து, மீன் சந்தையைத் தாண்டி, குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்சில் ஆட்களோடு ஆளாக ஏறிவிடுகிறது. நடுக் குடாவில் காற்று எழும்பி ஆட்களெல்லாம் குமட்டிச் சத்தி எடுக்க, மான் மட்டும் யாருடையதோ கூடைக் கீரையைத் தின்றபடி நிற்கிறது. மூதூரில் இறங்கி ஒரு வளவுக்குள் புகுந்து கத்தரிக் கன்றுகளை மேய்கிறது. அடுத்த லோஞ்சில் அதைத் திருப்பி அனுப்புகிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நகரத்தில் பெரியும்மா வீட்டில் தங்கிப் படித்து, வாரக் கடைசியில் லோஞ்ச் ஏறி மூதூர் போகிற றஹ்மா மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொழும்பில் சிறுவர் புத்தகங்களைத் தெரிவு செய்கிற ஒரு குழுவுக்கு ஐவி கதையை அனுப்பினாள். மாதக்கணக்கில் காக்க வைத்துவிட்டுப் பதில் எழுதினார்கள். மான் காட்டில் வாழும் பிராணி, நகரத்தில் உலாவுவதாக எழுதினால் பிள்ளைகள் பிழையான அறிவைப் பெறுவார்கள். லோஞ்ச் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியாது, பஸ் என்று மாற்றலாம். ஊரின் பெயரும் தேவையில்லை. ஐவி அதை வாசித்துக்கொண்டிருந்த நேரம் யன்னலுக்கு வெளியே இரண்டு மான்கள் நின்று சுவரொட்டி ஒன்றைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன.

"பஸ்ஸாம்! குடாவுக்கு மேலால பஸ் ஓடுமோ?" என்று அவள் குசினிக்குள் நின்று கத்தினாள்.

கணவர் இராஜநாயகம் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அப்ப நாங்களே அச்சடிப்பம்" என்றார். அவர் துறைமுக டொக்யார்ட்டில் படவரைஞராக இருந்தவர். வெள்ளைக்காரன் கப்பற்படையைக் கட்டிக்கொண்டு போனபோது வேலையும் போய், பிறகு கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். படங்களைத் தானே கீறுவதாகச் சொன்னார். லோஞ்ச் அச்சு அசலாக வந்தது. மான் மட்டும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் விறைத்து நின்றது. ஐவி அவரைக் கோட்டை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், உயிருள்ள மானுக்கு முன்னால் பின்னேரம் பின்னேரமாக இருத்தி வைத்தாள். கடைசியில் மான் மானாகவே வந்தது.

அச்சடிக்க இக்னேசியஸிடம் கொடுத்தார்கள். ஊரின் பாதிக் கலியாண அழைப்பிதழ்கள் அவருடைய அச்சகத்தில்தான் பிறக்கும். படம் அச்சிடுவதென்றால் அதைத் துத்தநாகத் தகட்டில் புளொக்காகச் செய்ய வேண்டும். அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கரைச்சலுக்காகவே இக்னேசியஸ் பழைய புளொக்குகளை ஒரு மேசை லாச்சியில் போட்டு வைத்திருந்தார். கோயில் திருவிழா நோட்டீசில் வருகிற குத்துவிளக்குத்தான் சைவக் கலியாணத்திலும் வரும். ஒரே சோடிப் புறா வேதக்காரர் கலியாணத்திலும் வரும், கடை திறப்பு விழாவிலும் வரும். ஊரில் யாருக்கும் அதில் குறையில்லை.

பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்குப் புத்தகம் வந்துவிட வேண்டுமென்று ஐவி நெருக்கிக்கொண்டேயிருந்தாள். ஒரு நாள் இக்னேசியஸ் முகமெல்லாம் சிரிப்பாகக் புத்தகக் கட்டை அவிழ்த்துக் காட்டினார்.

"கொழும்பிலயிருந்து உங்கட புளொக் இன்னும் வரேல்ல ரீச்சர். விழா கிட்ட வந்திட்டுது. அதுதான் இருந்ததை வச்சு அடிச்சு முடிச்சிட்டன்."

ஐவி பக்கத்தைப் புரட்டினாள். "இது என்ன?"

"மான்."

"இக்னேசியஸ், இது நத்தார் வாழ்த்து மட்டையில கிறிஸ்மஸ் தாத்தாவின்ர வண்டில் இழுக்கிற மான்!"

"வண்டிலை ஈர்வாளால அறுத்து எடுத்திட்டன். மணியைத்தான் எடுக்க ஏலாமல் போச்சு. எடுத்தாக் கழுத்தும் சேர்ந்து போயிடும்."

"புள்ளி எங்க?"

"மான் மான்தானே ரீச்சர். பிள்ளையளுக்கு விளங்கும்."

லோஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புகைபோக்கிகளோடு ஒரு பெரிய கப்பல் நின்றது. அதைக் காட்டி அவள் வாய் திறப்பதற்குள், "அதுவும் தண்ணியிலதானே போகுது" என்றார் இக்னேசியஸ். அந்த மனிதரிடம் ஒரு கள்ளமும் இல்லை. அவளுக்கு நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் வாய்விட்டு ஏசவும் முடியாமல் ஐவி கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுபடி அடிக்க அவளிடம் வசதியும் இல்லை.

கொழும்புப் பார்சல் விழா முடிந்த பிறகு ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. இராஜநாயகத்தின் புளொக்குகளை இக்னேசியஸ் பத்திரமாக லாச்சிக்குள் போட்டார். அடுத்த மாதம் ஒரு கலியாண அழைப்பிதழின் மூலையில் மூதூர் லோஞ்ச் மிதந்தது. புள்ளிமான் ஒரு புடவைக்கடையின் தீபாவளி நோட்டீசில் துள்ளியது. இராஜநாயகம் அந்த நோட்டீசை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார். ஐவி அன்றைக்கு அவரோடு கதைக்கவில்லை.

படம் எக்கேடும் கெடட்டும், எழுத்தாவது தன்னுடையதுதானே என்று அவள் புத்தகத்தை வகுப்பில் கொடுத்தாள். பிள்ளைகள் விரும்பித்தான் வாசித்தார்கள். ஒரு நாள் வழக்கம்போல ஒரு மான் யன்னலுக்குள் தலையை விட்டது. முன் வரிசை வாங்கில் இருந்த பேணாட் புத்தகத்தையும் மானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினான்.

"ரீச்சர், இந்த மான் பிழை."

"என்ன பிழை?"

"மணி இல்லை. உடம்பெல்லாம் ஊத்தை மாதிரிப் புள்ளி. புத்தகத்தில இருக்கிறதுதான் சரியான மான்."

மற்றப் பிள்ளைகளும் ஓம் ஓம் என்றார்கள். எத்தனை வருடத்துப் பாடு! ஊரைக் காட்டத்தான் ஐவி புத்தகம் போட்டாள். இப்போது அந்தப் புத்தகமே யன்னலில் நிற்கிற மானைப் பிழையென்று தள்ளிவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். மான் மிரண்டு ஓடியது. பிள்ளைகளும் பயந்துபோனார்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லையென்று அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அந்தச் சனிக்கிழமை கோதுமை மாவில் பசை காய்ச்சி, எல்லாப் புத்தகத்திலும் எல்லாப் படத்துக்கு மேலும் வெள்ளைக் கடதாசி ஒட்டினாள். இராஜநாயகம் கடதாசி வெட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை பிள்ளைகளிடம் புத்தகத்தையும் பென்சிலையும் கொடுத்து, "படம் இல்லாத இடத்தில நீங்களே கீறுங்கோ. கீற முதல் வெளியில நல்லாப் பாருங்கோ" என்றாள். மைதானத்தில் நான்கைந்து மான்கள் படுத்திருந்தன.

பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குனிந்து, அக்கறையாகக் கீறினார்கள். ஐவி வாங்கு வாங்காகப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு மானின் கழுத்திலும் மணி இருந்தது. பேணாட் மணியின் நாக்கைக்கூட விடாமல் கீறியிருந்தான்.

கடைசி வாங்கில் றஹ்மாவின் கடதாசி வெறுமையாக இருந்தது.

"நீ ஏன் கீறேல்ல?" என்றாள் ஐவி, கொஞ்சம் கடுமையாகவே.

"இது லோஞ்ச் வாற பக்கம் ரீச்சர்."

"ஓம், அதுக்கென்ன?"

"எங்கட லோஞ்சைக் கீறலாமா?"

"அதைத்தானே சொன்னனான்."

"இல்ல ரீச்சர்... அது இருக்கிற மாதிரியே கீறலாமா? எண்ணெய் ஊத்தை, ஒழுகுற கூரை, உம்மா சத்தி எடுக்கிறது எல்லாம்?" றஹ்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கட இதெல்லாம் புத்தகத்துக்குள்ள வர விடுவாங்களா?"

ஐவி ரீச்சர் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். மணி கட்டிய மான்கள் வகுப்பு முழுவதும் நிறைந்திருந்தன. இந்தப் பிள்ளையோ தன்னுடைய லோஞ்சுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"கீறு" என்றாள். குரல் கோபமாகத்தான் வந்தது.

றஹ்மா பயந்துபோய்ப் பென்சிலை எடுத்தாள். லோஞ்சின் பக்கத்தில் கயிற்றில் தொங்குகிற பழைய டயரை முதலில் கீறினாள்.