வடக்கிலிருந்து வந்த வெயில்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தின் கடைசியில் இருக்கிற கம்பிவேலியில் ஒரு பீரோக் கதவு சாய்ந்து நிற்கிறது. கதவில் ஆள் உயரக் கண்ணாடி. என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த பச்சை பீரோவின் கதவு அது. பச்சை இப்போது ஓரத்தில் கொஞ்சம்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் துரு. கண்ணாடியிலும் ரசம் போய்த் தேமல் மாதிரி கறுப்புக் கறுப்பாக விழுந்துவிட்டது. பழைய இரும்புக்காரர் தெருவுக்கு வரும்போதெல்லாம், "அந்தக் கதவ எடுத்துக்கவாக்கா? மழையில சும்மாதான கெடக்கு" என்று கேட்பார். "இருக்கட்டும்பா" என்பேன். அவரும் போய்விடுவார்.

அது அங்கே நிற்பது என் மதினிக்காக. என் வீட்டுக்காரரின் மூத்த அக்காவைத்தான் நான் மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். பிள்ளை இல்லை. பழனி அடிவாரத்தில் பூக்கட்டி விற்று, தம்பியை வளர்த்து ஆளாக்கி, எனக்குக் கட்டிவைத்தவர். காலையில் கடையைத் திறந்து நிமிர்ந்தால் மலை, ராத்திரி சாத்திவிட்டு நிமிர்ந்தால் மலை என்று முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். மலைமேல் ஏறுவது மாதத்தில் ஒரு நாள், கிருத்திகைக்குத்தான். ஆனால் நிமிர்ந்து பார்க்காத நாள் கிடையாது. "அவன் அங்கன இருக்கான்ல, அது போதும்" என்பார்.

என் வீட்டுக்காரருக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்தது. மதினியைத் தனியே விட மனசில்லாமல் கூட்டிக்கொண்டு மேலே ஏறினோம். ரெண்டு வருஷம் வாடகை வீடு. பிறகு மதினி பழனியில் தன் பங்குக்கு வந்த வீட்டை விற்றுவிட்டு, சொந்தமாக ஓர் இடம் பார்க்கச் சொன்னார். நாங்கள் போய்ப் பார்த்தது சித்திரை மாதம். தெற்கே ரோடு, ரோட்டுக்கு மேலே மேடு, மேட்டில் வரிசையாகக் கற்பூர மரங்கள். ரோட்டை ஒட்டி வீடு. வீட்டுக்கு வடக்கே தோட்டம் சரிந்து இறங்கியது. முந்தின நாள் கோடை மழை கொட்டி வானத்தைக் கழுவிவிட்டிருந்தது. தோட்டம் முழுக்க வெயில். மதினி கடைசி வேலி வரைக்கும் போய் நின்றார். தூரத்தில், கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பழனிமலை. அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "வெயிலும் இருக்கு, அவனும் இருக்கான். இன்னும் என்னடா வேணும்?" என்று தம்பியிடம் கேட்டார். முடிந்தது.

பழனிக்காரர்கள் வீடு பார்த்தால் நிழலைத்தான் தேடுவோம். காற்று வருமா, மதியம் சுவர் சுடுமா என்று கேட்போம். வெயில் வருமா என்று கேட்டு வீடு பார்த்த ஆளை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொன்னதோடு சரி. மார்கழியில் அது தெற்கே சாய்ந்து போய் ஒரு மேட்டுக்கும் நாலு மரத்துக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை முதலில் சொன்னவர், பூம்பாறையிலிருந்து சாக்கில் பூண்டு கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுக்கிறவர். புரட்டாசியில் பின்வாசலில் நின்று தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"வடக்குச் சரிவுல வாங்கியிருக்கீங்களே. கார்த்திகைக்கு அங்கிட்டு இங்க வெயில் எறங்காதுங்க. யாரு பாத்துக் குடுத்த எடம்?"

"பழனியாண்டவன்" என்றார் மதினி.

"அப்ப வெயிலையும் அவருகிட்டயே கேட்டுக்கங்க. நான் பூண்டு மட்டுந்தான் விக்கிறேன்."

மதினி சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் தோட்டத்தைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுதில், வீட்டு நிழல் எதுவரை விழுகிறதோ அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் கோலமாவால் ஒரு புள்ளி வைப்பார். ஒவ்வொரு வாரமும் கல் ஒரு எட்டு கீழே இறங்கியது. ஐப்பசி முடிவதற்குள் பாதித் தோட்டம் நிழல். மார்கழியில் புல்லின்மேல் உறைபனி உப்பு மாதிரி படிந்து, பதினோரு மணி வரைக்கும் அப்படியே கிடக்கும். மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிவிடும். அந்தத் தோட்டத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு கீற்று வெயில்தான். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக, காலை ஒன்பது மணிக்கு மேல் நுழைந்து, கீழ்வேலி ஓரத்தில் விழுந்து, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். அந்த இடம் செங்குத்துச் சரிவு. ஆள் உட்கார முடியாது.

அதற்காக மதினி சோர்ந்து உட்காரவில்லை. நிழலில் வருகிற கொத்தமல்லி, புதினா, கீரை எல்லாம் நடுவில். செவ்வந்தியைப் பழைய எண்ணெய் டின்களில் நட்டார். தைப்பூசத்துக்குத் தன் கையால் வளர்த்த பூவைப் பழனிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு ஆசை. காலையில் வெள்ளனே டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், மரங்களின் இடைவெளியில் வெயில் விழுகிற ரோட்டுப் பக்கம் வைப்பார். ஒன்பது மணிக்கு நாலு டின்னைக் கீழ்வேலிக்குக் கொண்டுபோவார். பத்து மணிக்கு மறுபடி ரோட்டுக்கு. "என்னக்கா, செடிய வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். முதல் தைப்பூசத்துக்குக் கூடை நிறையப் பூ கிடைத்தது. ஆனால் அந்தச் சரிவில் ஏறி இறங்கி, அந்த ஈரத்தில் நின்று, மதினியின் முழங்கால் போய்விட்டது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "காலைல ஒரு மணி நேரம் முட்டியில வெயில் படுற மாதிரி உக்காருங்க, குளிர்ல உக்காரக் கூடாது" என்றார்கள். மதினி கேட்கவில்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் படியில் வடக்கே பார்த்துத்தான் உட்காருவார். ஏனென்றால் வெயில் இல்லாத அந்த மாதங்களில்தான் மலை துல்லியமாகத் தெரியும். வெயில் வருகிற சித்திரையில் கீழே புழுதியும் அனலும் சேர்ந்து மூடிவிடும். ரெண்டும் சேர்ந்து கிடைத்தது, இடம் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த மார்கழியில் நான் பேசக் கூடாத ஒரு பேச்சைப் பேசினேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஈரக்காற்றில் இளைப்பு வந்து ராத்திரியெல்லாம் இழுத்தது. துவைத்த யூனிஃபார்ம் மூன்று நாளாகக் காயவில்லை. அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டு, அதில் ஒரு கை கருகிப்போனது. கருகிய சட்டையோடு பின்வாசலுக்கு வந்தால், மதினி படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"நீங்க ஒருத்தர் முருகனப் பாக்கணும்னு, நாங்க எல்லாரும் இந்த இருட்டுக்குள்ள கெடக்கணுமா மதினி?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த சட்டையைப் பார்த்தார். "கைய வெட்டிட்டு அரைக்கையாத் தச்சுப்புடலாம், குடு புள்ள" என்றார். வாங்கித் தைத்தும் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தார். தெற்கே பார்த்து. மலைக்கு முதுகு. "இங்கன நல்ல வெயிலா இருக்கு. டாக்டரம்மாவும் சொன்னாகள்ல" என்றார். கோபம் இருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் என்னோடு பேசினார், சிரித்தார், பூண்டு உரித்துத் தந்தார். பின்வாசலுக்கு மட்டும் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே கீழே பழனிமலைப் படிக்கட்டு விளக்குகள் மினுமினுக்கும், அப்போதும் வரவில்லை. உள்ளே காலண்டர் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொள்வார். அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பஸ் ஏறிப் போகக் கால் இடம் கொடுக்கவில்லை. பூவை மட்டும் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். பூசத்தன்று நாள் முழுக்க ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பத்து எட்டு பின்னால் வந்தால் மலை. நான் கூப்பிட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது? அன்றைக்குச் சாமியிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கிழவியைத் திருப்பிவிடு முருகா என்றுதான் கேட்டேன்.

பூசம் கழிந்து ரெண்டு மூன்று நாள் இருக்கும். ஈரத்தில் கீல் இற்றுப்போய் என் பீரோவின் கதவு கையோடு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய்க் கீழ்வேலியில் சாய்த்துவிட்டு, இரும்புக்கடைக்காரர் வந்தால் கொடுத்துவிடச் சொல்லி வேலைக்குப் போனார். மறுநாள் நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கரி பிடித்த அந்தச் சுவரில் திடீரென்று ஒரு வெளிச்சம், வாசற்படி அகலத்துக்கு. அந்த அடுப்படியில் தை மாதத்தில் வெயிலை நான் பார்த்ததே இல்லை. அதுவும் வடக்கு வாசல் வழியாக. கரண்டியோடு வெளியே போனேன். சந்து வழியாக வந்த கீற்று கண்ணாடியில் விழுந்து, திரும்பி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. பின்வாசல் படியில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

முன்னால் ஓடினேன். "மதினி, பின்னால வாங்க. வெயில் வந்திருக்கு."

"தைலயா? கேலி பண்ணாத புள்ள."

"வந்து பாருங்க. வடக்க இருந்து வருது."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படியில் உட்காரவைத்தேன். நான் சரிவில் இறங்கிப் போய்க் கதவை அசைத்தேன்.

"கண்ணுல அடிக்குது. சாமியப் பாக்கவா, கண்ணாடியப் பாக்கவா? கீழ எறக்கு."

இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம். ம். அங்கனயே நிறுத்து."

வெயில் அவர் முழங்காலில் நின்றது. கதவுக்கு மேலே, வேலிக்கு அந்தப் பக்கம், மலை. அவர் ரெண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அந்த ஒன்றரை மாதத்துக்குமாகச் சேர்த்துப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து புகை வரவும், "தோச தீயுது, போ" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம். சூரியன் நகர நகர, வெளிச்சம் முழங்காலைவிட்டு விலகிப் படியில் போய்விடும். கால் மணிக்கு ஒருதரம் நான் அடுப்பைத் தணித்துவிட்டு இறங்கிப் போய்க் கதவைக் கொஞ்சம் திருப்பி, ஒரு கல்லை நகர்த்தி முட்டுக்கொடுத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும், "போதும் புள்ள, சோலியப் பாரு" என்பார். ஒரு நாள் அடுப்பு வேலையில் மறந்துவிட்டேன். எட்டிப்பார்த்தால், வெளிச்சம் விலகிப்போன பிறகும் அவர் குளிரில் மலையைப் பார்த்தபடியே இருக்கிறார். கூப்பிட்டிருக்கலாமே என்றதற்கு, "ஒனக்குத் தெரியும், நீ வருவன்னு இருந்தேன்" என்றார்.

அவர் போனது சித்திரையில். அன்றைக்குத் தோட்டம் முழுக்க வெயில் தானாகவே இறங்கிக் கிடந்தது. வடக்கே அனல்மூட்டம், மலை தெரியவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, எவ்வளவு நல்ல வெயில் படுகிற இடம் என்று பேசிக்கொண்டார்கள்.

மகள் இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறாள். அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள்; அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. இந்த வருஷம் எனக்கும் முழங்காலில் வலி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் விடிவதற்குள் மெஸ்ஸுக்குப் போய்விடுவார். இன்றைக்கு மார்கழிக் கிருத்திகை. குளித்து, திருநீறு பூசி, ஒன்பது மணிக்குக் கீழே இறங்கிப் போய்க் கதவைத் திருப்பினேன். ரசம் போன இடம் போக, மிச்சக் கண்ணாடியிலிருந்து வந்த வெயில் ரெண்டு கை அகலம்தான். அது படியில், மதினி உட்காருகிற இடத்தில் விழுந்தது. மெதுவாக ஏறி வந்து முதல்முறையாக அங்கே உட்கார்ந்தேன். முழங்காலில் சூடு இறங்கியது. எதிரே மலை தெளிவாக இருந்தது.

கால் மணி நேரத்தில் வெளிச்சம் என் முழங்காலைவிட்டு நகர்ந்தது. படியில் இறங்கி, சுவருக்குப் போனது. எழுந்து போய்த் திருப்பலாம். திருப்பிவிட்டு வந்து உட்காருவதற்குள் அது இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். உள்ளே ஆளில்லாத அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு வடக்கே பார்த்தபடி, வெயில் இல்லாமலே உட்கார்ந்திருந்தேன்.