பக்கத்தின் அடியில் பேர் போடச் சொன்னவர்

பாண்டிச்செல்வி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் கறுப்புப் பின்னணியில் அவர் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, 'எங்கள் கணினித் துறையின் தூணுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாக டயாலிசிஸில் இருந்தவர், அதனால் இது எதிர்பாராத சாவு இல்லை. இருந்தாலும் அழுகை வந்தது. முகத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். அடியில் பொடி எழுத்தில், அதைச் செய்துகொடுத்த கம்பெனியின் பெயர் இருந்தது. எங்கள் கல்லூரிச் செயலாளருடைய அக்காள் மகனின் கம்பெனி. வந்த அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் மாரீஸ்வரி என் வீட்டுக்கு வந்தாள். அக்காவிடம் படித்தவள், மல்லாங்கிணறுப் பெண், இப்போது மதுரையில் வேலை. அக்காவுக்காக ஒரு இணையதளம் கட்டப்போவதாகவும் அதில் நான் எழுத வேண்டும் என்றும் சொன்னாள். கையில் ஒரு பெரிய தாள். அச்சாபீசில் வீணாய்ப்போன தாள்தான். ஒரு பக்கம் பட்டாசுப் பெட்டி லேபிள் கலர் விலகி அச்சாகியிருந்தது, மறுபக்கம் பென்சிலில் கட்டங்கள். அதில் ஒரு கட்டத்துக்குள் 'ரேவதி மிஸ் கட்டுரை' என்று எழுதியிருந்தாள். உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, அக்கா வகுப்பில் எப்போதும் கேட்கிற கேள்வி.

"இந்தப் பக்கத்துக்கு யாரு வருவாக மிஸ்? வந்து மொதல்ல என்ன கேப்பாக?"

நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வருகிறவர்கள் கேட்கப்போவது ஒன்றுதான். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர் ஏன் கல்லூரியை விட்டுப் போனார்? இரங்கல் கூட்டத்தில் செயலாளர் தொண்டை கரகரக்க, உடல்நிலை காரணமாக என்று சொன்னார். பச்சைப் பொய். அக்கா வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்துத்தான் நோய் வந்தது.

அக்கா எங்களைப் போலப் படித்த கையோடு வாத்தியார் ஆனவர் அல்ல. சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பதினான்கு வருடம் கம்ப்யூட்டரில் காலண்டரும் லேபிளும் வடிவமைத்தவர். அஞ்சல் வழியில் படித்து முடித்து எங்கள் கல்லூரிக்கு வந்தார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் உண்மையான ஒரு வாடிக்கையாளருக்கு இணையதளம் கட்டித்தர வேண்டும் என்பது பாடம். நாங்கள் எல்லாம் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, நீலமா பச்சையா என்று நிறம் பார்க்கச் சொல்லுவோம். அக்கா ஒரு மாதத்துக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டார். அச்சகத்திலிருந்து வீண் தாள்களைச் சுருட்டி எடுத்துவந்து, ஒவ்வொரு பக்கத்தையும் பென்சிலில் போடச் சொல்லுவார். போட்ட தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். சிவகாசியில் ப்ரூப் பார்த்துக் கையெழுத்து வாங்காமல் எந்த மெஷினும் ஓடாது. அந்தப் பழக்கத்தை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்.

வெப்சைட்டுக்குப் பென்சிலா அக்கா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். "பென்சில்ல போட்டத அழிக்க அரை நிமிசம். கட்டுனத இடிக்க ஒரு மாசம்" என்றார். நான் சிரித்தேன். அடுத்த வருடம் நானும் வீண் தாள் கேட்டு அவர் மேசைக்குப் போனேன்.

தாளில் கோடு போடுவதற்கும் முன்னால் இன்னொரு வேலை உண்டு. வாடிக்கையாளரின் கடையில் ஒரு முழு நாள் போய் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். மாரீஸ்வரிக்கும் அவள் கூட்டாளி ஜெயசுதாவுக்கும் கிடைத்தது விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டி. மண்டிக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். முதல் பக்கத்தில் தன் தகப்பனார் படம் மாலையோடு பெரிதாக வர வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஒரே ஆசை. பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க மண்டியில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அழைத்தவர்கள் எல்லோரும் கேட்டது, இன்றைக்கு வத்தல் என்ன விலை என்பதைத்தான். ஆகவே விலை மேலே ஏறியது, தகப்பனார் இரண்டாம் பக்கத்துக்குப் போனார். எங்க அய்யாவ உள்ள தள்ளிட்டீகளே என்று அண்ணாச்சி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அக்கா நேரில் போனார்.

"அய்யா இருந்தா, போன எடுத்ததும் மொதல்ல என்ன சொல்லியிருப்பாக அண்ணாச்சி?"

அண்ணாச்சி கல்லாப்பெட்டியை மூடிவிட்டு, விலையத்தான் சொல்லியிருப்பாக என்று பேனாவை எடுத்தாராம்.

காலண்டரோ நோட்டீசோ எதை எடுத்தாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அக்கா வகுப்பில் கட்டிய ஒவ்வொரு இணையதளத்தின் அடியிலும் அதைப்போலக் கட்டிய பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டும். பெயர் போடக் கூச்சப்பட்ட பிள்ளைகளை அவர் விடவில்லை. "பேரில்லாத தாளு மொட்டைக் கடுதாசி. பேரு பாராட்டுறதுக்குன்னு நெனைக்காதீக. ஏசுறதுக்கு. தப்பு வந்தா யார் வீட்டுக் கதவத் தட்டணும்னு தெரியணும்ல?"

மாரீஸ்வரியின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அதிகம் படிக்காதவர், ஆனால் மகள் பெயரின் எழுத்துகள் அவருக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்ததும் போனில் மண்டிப் பக்கத்தைத் திறந்து, கீழே வரைக்கும் தள்ளி, கூட வேலை பார்க்கிற பெண்களுக்குக் காட்டுவாராம்.

மாரீஸ்வரி மூன்றாம் ஆண்டு படித்த அந்த வருடம் பதினோரு இணையதளங்கள், இருபத்திரண்டு பிள்ளைகள். ஆண்டு விழா மேடையில் செயலாளர் கைதட்டினார். கைதட்டின கையோடு, அவருடைய அக்காள் மகன் சிவகாசியில் இணையதளம் கட்டித்தரும் கம்பெனி ஒன்றைத் திறந்தான். பதினோரு தளங்களின் சாவியும், அதாவது பாஸ்வேர்டும், கல்லூரி அலுவலகத்தில்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், எல்லாத் தளங்களின் அடியிலும் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. அவன் கம்பெனியின் பெயர் இருந்தது. அவனுடைய தளத்தில் 'எங்கள் படைப்புகள்' என்ற தலைப்பில் பதினொன்றும் வரிசையாக நின்றன. ஒரு கோடு போட்டவன் இல்லை, ஒரு மண்டியில் போய் உட்கார்ந்தவன் இல்லை.

இதை முதலில் கண்டவர் மாரீஸ்வரியின் அம்மா. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் காட்டலாம் என்று பக்கத்தைக் கீழே தள்ளியிருக்கிறார், மகள் பெயரைக் காணவில்லை. இம்புட்டு நாளும் சும்மா அளந்திருக்கா என்று ஒருத்தி சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டிருக்கிறார்: "தாயி, நீ என்ன தப்புப் பண்ணுன, ஒம் பேர எடுத்துட்டாக?"

அதை மாரீஸ்வரி ஆசிரியர் அறையில் வந்து அழுதுகொண்டே சொன்னாள். நான் அடுத்த மேசையில் இருந்தேன். அக்கா எழுந்து செயலாளர் அறைக்குப் போனார். பிள்ளைகள் செய்தது பயிற்சி, நாளைக்குக் கல்யாணமாகிப் போகிறவர்களுக்குப் பெயர் எதற்கு என்று செயலாளர் கேட்டதாகவும், செய்தவர்களுக்குத்தான் பெயர், கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அக்கா சொன்னதாகவும் பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் துறைக் கூட்டம் போட்டார்கள். ஒரு தாள் வந்தது. இந்தத் தளங்களைக் கட்டியது கம்பெனி, மாணவியர் உடனிருந்து பார்வையிட்டனர் என்று அதில் எழுதியிருந்தது. துறையில் அக்காவோடு எட்டுப் பேர். ஏழு கையெழுத்து விழுந்தது.

மூன்றாவது கையெழுத்து என்னுடையது. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

அக்காவை நூலகத்துக்கு மாற்றினார்கள். புத்தக முதுகில் எண் ஒட்டுகிற வேலை. வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி அவர் ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து ராஜினாமா எழுதினார். அந்தக் கடிதத்தில் காரணம் இருந்தது. உடல்நிலை என்ற சொல் அதில் இல்லை.

ஆனால் அவர் நூலகத்தில் இருந்த நாட்களில் ஒன்று நடந்தது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காதது. மண்டிப் பக்கத்தில் தினமும் காலையில் விலையை ஏற்றியது மாரீஸ்வரி. மண்டியிலிருந்து கேட்டு, கல்லூரி பஸ் ஏறும் முன் போட்டுவிடுவாள். ஆசிரியர் அறையில் அவள் வந்து அழுத அன்று அக்கா அவளிடம், பேரில்லாத வேலைக்கு நீ பொறுப்பில்ல, விட்டுரு என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் விலை அன்றைக்குப் போட்டதோடு நின்றுபோனது. வெளியே வத்தல் விலை சரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பழைய விலையைப் பார்த்துவிட்டுச் சரக்கோடு வந்தவர்கள் அண்ணாச்சியைப் பிடித்து ஏசினார்கள். அண்ணாச்சி பக்கத்தின் அடியில் இருந்த கம்பெனிக்குப் போன் போட்டார். விலை எங்கிருந்து ஏறுகிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. புகாரைப் பதிவு செய்யுங்கள் என்று சொன்னார்களாம். பத்து நாள் பதிவு செய்து பார்த்தார். பதினோராம் நாள் மடித்துக் கட்டிய வேட்டியோடு நேரே செயலாளர் அறைக்கு வந்துவிட்டார். நான் வருகைப் பதிவேட்டோடு வாசலில் நின்றிருந்தேன். அண்ணாச்சி ஒரு வீண் தாளை மேசைமேல் விரித்தார்.

"நான் கையெழுத்துப் போட்டது இந்தப் புள்ளைக தாள்ல. ஒங்க மருமகன நான் கண்ணாலயும் பாத்தது கெடையாது. மல்லாங்கிணத்துப் புள்ளையக் கூப்புடுங்க, அதுக்கிட்டதான் பேசுவேன்."

செயலாளருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணாச்சி தன் தளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், பிள்ளைகளைக் கூப்பிட்டு, பெயரோடு திரும்பக் கட்டவைத்தார். அவரைப் பார்த்து இன்னும் ஆறு வாடிக்கையாளர்களும் அப்படியே செய்தார்கள். இப்போது அக்காள் மகனின் கம்பெனி எங்கள் கல்லூரிக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் செய்துகொடுத்துப் பிழைக்கிறது. நல்லா இருக்கட்டும் என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கு இல்லை.

அக்காவைக் கடைசியாக அவர் வீட்டில் பார்த்தேன். கையில் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. அந்தக் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "மன்னிக்கிறது அவுகவுக இஷ்டம் ரேவதி. மறக்குறது மட்டும் கூடாது" என்றார். என்னை மன்னித்தாரா என்று கேட்டேன். சிரித்தார். "நீ பேர் போட்டுல்ல செஞ்ச? ஒன்னத் தேடி வர்றதுக்கு வழி இருக்கு" என்றார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதினோரு வாடிக்கையாளர்களின் கையெழுத்தோடு பிள்ளைகள் பென்சிலில் போட்ட தாள்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகல்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கட்டும் அந்தச் சொல்லும்தான். மன்னிப்பது என் இஷ்டம் என்றால், செயலாளரையும் அவர் மருமகனையும் மன்னிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆய்வகத்துக்கு அக்கா பெயரை வைக்கப்போகிறார்களாம். அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் பெயரை அழித்தவர்கள், அவர் செத்த பிறகு அவர் பெயரைச் சுவரில் எழுதப்போகிறார்கள். எழுதட்டும். அஞ்சலிப் படத்தின் அடியில் அவன் கம்பெனி பெயர் இருப்பதும் ஒரு வகையில் சரிதான், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிகிறது.

செயலாளரின் பெயரையும் அவர் மருமகன் பெயரையும் நான் இங்கே எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பயத்தால் இல்லை. இருபத்திரண்டு பேரை அழித்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் கிடையாது. நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கலாம். பிள்ளைகளின் தாள்கள் அதற்கு அடுத்து.

நான் எழுதியதை மாரீஸ்வரி படித்து முடித்தாள். நான் இன்னும் அதே கல்லூரியில்தான் வேலை பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். "மிஸ், எழுதியது ஒரு தோழின்னு போட்டுக்கிடுவோமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கையிலிருந்த, பென்சில் கட்டம் போட்ட தாளை வாங்கினேன். மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டத்துக்கு அடியில் நானே எழுதிக்கொடுத்தேன்.

பக்கம் கட்டியவர்கள்: கா. மாரீஸ்வரி, மல்லாங்கிணறு, பா. ஜெயசுதா, திருத்தங்கல்.

எழுதியது: சு. ரேவதி, கணினித் துறை. அந்தத் தாளில் மூன்றாவது கையெழுத்து.