நத்தை தின்னாத கோஷ்டி

1. இரண்டு வரிசை

உலகச் சண்டை முடிந்த புதிது. ராயபுரம் பக்கம், மரத்தூண்கள் மேல் கட்டிய ஒரு படகுத்துறையில் எனக்குச் சுரண்டு வேலை. கடலில் நிற்கும் தூண்களில் கருஞ்சிப்பி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்றும் நேரம் படகில் நின்று, சுரண்டியால் பெயர்த்துத் தள்ளவேண்டும். வடக்கு வரிசைக்கு நான் தலையாள். தெற்கு வரிசைக்கு அந்தோணி. பழைய மேஸ்திரி விலகப்போகிறார், அந்த இடம் எங்கள் இருவரில் ஒருவனுக்கு என்று பேச்சு.

அந்தச் சமயம் பார்த்து ஓவர்சியர் இன்ஸ்பெக்ஷன் வந்தார். என் தூண்களில் சிப்பி முழங்கைக் கனத்துக்கு அப்பியிருந்தது.

"இன்னாய்யா மாணிக்கம், தூணா இது, கரையான் புத்தா? போய் அந்தோணி தூணைப் பாரு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அஞ்சாங்கிளாஸோடு நின்றவன் நான். இந்த வேலையும் போனால் யார் சேர்ப்பார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு. என் ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் சுரண்டினார்கள். அந்தோணி ஆட்கள் பாதி நேரம் பீடி பிடித்தார்கள். ஏதோ மருந்து பூசுகிறான், இல்லாவிட்டால் ஓவர்சியர் வீட்டுக்கு மீன் போகிறது என்று நினைத்தேன். மீனும் அவன் பக்கம்தான் மேய்ந்தது.

2. தெற்கு வரிசை

ஒரு நாள் அவர்கள் சாப்பிடப் போன நேரம் படகை அங்கே விட்டேன். தூணில் மருந்து வாசனையே இல்லை. பாசி, பொடி நண்டு, கடற்பஞ்சு, அதைக் கொத்தும் மீன்குஞ்சு என்று ஒரு சந்தையே இருந்தது. சிப்பி அங்கங்கே திட்டுத் திட்டாக. அதன்மேல் நத்தைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் இருந்த சிப்பியில் ஊசித் துளை, உள்ளே காலி.

என் தூணில் நத்தையே கிடையாது. தினமும் நாங்கள்தான் டின்னில் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனோம். மிளகு போட்டு வதக்கினால் அப்படி இருக்கும். சிப்பியைத் தின்கிறவனை நாங்கள் தின்றோம். சிப்பி தூண் முழுக்கப் பிடித்துக்கொண்டது, பாசிக்கும் நண்டுக்கும் இடமில்லை.

மறுநாள் நத்தையில் யாரும் கை வைக்கக்கூடாது என்றேன்.

"இன்னா நைனா, இனிமே நத்தைக்கு வாட்ச்மேன் வேலையா?" என்றான் கபாலி, என் கோஷ்டியில் வாய் நீண்டவன்.

நத்தை பெருக நாளாகும். அதற்குள் அந்தோணி மேஸ்திரி ஆகிவிட்டான்.

3. மேஸ்திரி கேட்டது

அடுத்த மழைக்காலம் போனதும் என் தூண்களில் சிப்பி குறைந்து பாசி படர்ந்தது, மீன் வந்தது. அந்தோணி வந்து பார்த்தான்.

"உன் வரிசை நல்லா கீதுப்பா. இன்னா பண்ணே?"

"நீ பண்ணதுதான். நத்தைய வுட்டு வெச்சேன்."

அவன் விழித்தான். "நத்தையா? எங்காளு ஒருத்தன் துன்னு வாந்தி பேதி ஆயிட்ச்சு. அத்தோட எவனும் தொடறதில்ல. அதுக்கும் தூணுக்கும் இன்னாப்பா கீது?"

அவன் கெட்டிக்காரத்தனத்துக்குத் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். எவனோ ஒருத்தனுடைய பேதிக்குத் தோற்றேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

துறை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எது எதைத் தின்கிறது என்று பார்த்துவிட்டுச் சுரண்டியை எடுங்கள். உங்களுக்காகத் தின்கிறதை நீங்கள் தின்றுவிடாதீர்கள்.