மரச்சிலைக்குள் ஈயக்குண்டு

டெட்லெஃப் ஓலரிக் எதையும் மோந்து பார்க்காமல் வாங்கமாட்டார் என்பது ஹோல்ம்ஹாஃபென் துறைமுகம் அறிந்த விஷயம். கயிறு திரிப்பவரின் மகன். படித்து டாக்டர் பட்டம் வாங்கி, நகரத்து அருங்காட்சியகத்தில் தீவு மக்களின் பொருள்களுக்குக் காப்பாளரானவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபிஜித் தண்டாயுதம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஊரைக் கூட்டிப் பெருமை பேசினார். அதைத் துறைமுகத் தச்சன் ஒருவன் பழசாகத் தெரியத் தேயிலைச் சாறு பூசிச் செய்திருந்தான். ஊர் சிரித்த சிரிப்பு அவர் காதிலேயே தங்கிவிட்டது.

"நான் போட்ட காப்பியையே மோந்து பாத்துதான் குடிக்கிறீங்க. என்னையாவது அசல்னு நம்புறீங்களா?" என்பாள் மனைவி கெஸ்கே.

"இதுவரைக்கும் குத்தம் ஒண்ணும் கண்டுபிடிக்கல" என்பார், சிரிக்காமல்.

அந்த இலையுதிர் காலத்தில் கப்பல் தலைவன் நிஸ் பிராடர்சன், தெற்குக் கடலின் நியூ அயர்லாந்து தீவிலிருந்து ஆளுயர மரச்சிலை ஒன்றைக் கொண்டுவந்தான். சிப்பிக் கண்கள், காலடியில் கரும்புகை படிந்திருந்தது.

"ஊர்த்தலைவன் தானா குடுத்தான், டாக்டர். ரெண்டு கோடாலிக்கு."

"இவ்வளவு பெரிசையா?"

"நல்ல கோடாலிங்க."

ஓலரிக்குக்கு முதலில் உறுத்தியது அந்தப் புகைதான். புதுமரத்தைப் பழசாகக் காட்டப் புகையில் வாட்டுவது போலிக்காரர்களின் வழக்கம். அந்தத் தச்சனைப் போல பிராடர்சனும் தன்னை ஏமாற்ற வந்திருக்கிறான் என்றே நினைத்தார். இரண்டு நாள் தவணை கேட்டு, சிலையைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். வேலைப்பாடு அசல், சாயமும் அந்தத் தீவுச் சாயமே. புகை மட்டும் ஒரு பக்கமாய், கீழிருந்து மேலே ஏறியிருந்தது. வாட்டியிருந்தால் சுற்றிலும் சமமாகப் படிந்திருக்கும். விலாவில் ஒரு துளை. அதில் யாரோ மெழுகு அடைத்திருந்தார்கள். மெழுகைச் சுரண்டி, உள்ளே இருந்ததை இடுக்கியால் பிடித்து இழுத்தார். நசுங்கிய ஈயக்குண்டு ஒன்று மேஜையில் விழுந்தது. போலியைத் தேடியவருக்குக் கிடைத்தது, சிலைக்காகச் சுட்டு எரிக்கப்பட்ட ஒரு வீடு.

மறுநாள் பிராடர்சன் முன்னால் குண்டை வைத்தார்.

"தலைவன் குடுத்தப்ப இதையும் சேத்தா குடுத்தான்?"

பிராடர்சன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொருள் அசலா இல்லையா? அதைச் சொல்லுங்க போதும்."

"அசல்தான்."

"அப்புறம் என்ன?"

"அந்த வீட்டுக்குள்ள எத்தன பேரு இருந்தாங்க?"

பிராடர்சன் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போனான்.

ஓலரிக் வாங்க மறுத்தார். நிர்வாகக் குழு அவரை மீறி வாங்கி, நடுக்கூடத்தில் நிறுத்தியது. திறப்பு நாளில் அவர் சிலை பக்கத்திலேயே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் துளையைக் காட்டி, அது எப்படி வந்தது என்று சொன்னார். சீமாட்டிகள் முகம் சுளித்து வெளியேறினார்கள். வசந்தம் வருவதற்குள் வேலை போயிற்று.

பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக் காலம் தள்ளினார். தெருவில் அவரைக் கண்டால் கப்பல்காரர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். எங்கே எதைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராடர்சன் வீடு தேடி வந்தான். தாடி நரைத்துவிட்டது. கெஸ்கே காப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அந்த வீட்டுக்குள்ள ஆறு பேரு" என்றான், கோப்பையைத் தொடாமல். "ஒரு கிழவன் மட்டும் வெளிய வரவே இல்ல. அந்தச் சிலையக் கட்டிப் புடிச்சிட்டு உக்காந்திருந்தான்."

"இப்ப எதுக்கு என்கிட்ட வந்து சொல்றே?"

"வேற எவனும் கேக்கல, டாக்டர்."

ஆறு பேர்தான் என்பதை ஓலரிக் நம்பவில்லை. ஆனாலும் அவனைப் போகச் சொல்லவில்லை.

"குடி, ஆறிடப் போகுது" என்றார்.